போய் இறங்கிய அன்று இரவு

குளியலறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் முஹ்ஸின் உள்ளே போவார். ஆள் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. பாம்பு இருந்தால் விலகிப் போகட்டும் என்று. வீடோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே, புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். அங்கே ஏறி வருகிற பாம்பு கடைக்காரருக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

பத்திரிகைக்காரர். கண்டியை விட்டு வெளியே ஓரிரவு தங்கினாலும் தூக்கம் வராத மனிதர். ஆனால் ஞாயிறுதோறும் அவர் எழுதுவது காடு வெட்டியவர்களின் கதை. எழுபத்தேழு கலவரத்தில் மலைத் தோட்டங்களை விட்டு ஓடி, வன்னியில் காடு திருத்திக் குடியேறி, பிறகு போரில் அதையும் இழந்து திரும்பியவர்கள் ஹந்தானைத் தோட்டத்து லயங்களில் இருக்கிறார்கள், பிலிமத்தலாவைக் கடைகளில் இருக்கிறார்கள். தேடிப் பிடித்து, முன்னால் போனைப் பதிவில் வைத்து, ஒரே கேள்வி கேட்பார்: “போய் எறங்கின அன்டைக்கு ராவு எப்படிப் போச்சு?” அப்புறம் வாயைத் திறக்கமாட்டார். யார் பேச்சையும் இடையில் வெட்டியதில்லை.

அடுத்த நாளைப் பற்றிக் கேட்பதே இல்லை. “ரெண்டாம் நாள்ல இருந்து எல்லார்ட வாழ்க்கையும் ஒண்டுதான்” என்பார்.

துணிச்சலைச் சேகரிக்கப் போனவருக்குப் பயம்தான் மிஞ்சியது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவன்தான் முதல் அடி வாங்கினான் என்று திருச்செல்வம் என்பவர் சொன்ன நாளிலிருந்து, தேநீர்க் கடையில் வாசலைப் பார்த்தே உட்காருகிறார். சலூனில் கண்ணாடி வழியாக வாசலைக் கண்காணிப்பார். தலையணைக்கடியில் டோர்ச். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி றமீஸா சிரிப்பார். முஹ்ஸினுக்கு அது சிரிப்பாக இல்லை.

எல்லாவற்றிலும் மோசம், அண்ணன் முறை வைத்து அவரை ‘நானா’ என்றழைக்கும் ஹந்தானை நல்லம்மா சொன்னது. “கீழ படுத்தா பூச்சி பொட்டு கடிக்குமுன்னு மரத்துல சீலைய கட்டி புள்ளய தொங்க விட்டிருந்தோம். ஆனை வந்து தொட்டிலுக்கு அடியில நின்னுச்சு. தும்பிக்கையால மெதுவா ஒரு ஆட்டு ஆட்டுச்சு. கத்த முடியல, நானா. புள்ள அழுதா போச்சு. பாவி மக, அழுவல.” அதை எழுதி அச்சேற்றியும் விட்டார். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தத் தொட்டில் ஆடுகிறது.

இந்த மனிதரின் மகள் நுஹாவுக்குத்தான் கணித ஆசிரியை நியமனம் வந்தது, நல்லம்மா லொறியில் போய் இறங்கிய அதே ஊருக்கு நாலு கட்டை தூரம் தள்ளி. வருகிற திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் வேலை கைநழுவும். வருஷக்கணக்கில் காத்திருந்த வேலை.

“வாப்பா, போக வாணாமெண்டு செல்லுங்க. நான் நிக்கிறேன்” என்றாள் நுஹா. விளையாட்டாகச் சொல்லவில்லை. ‘வாணாம்’ அவர் நாக்கு நுனியில் நின்றது. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

றமீஸாவுக்குப் பொறுமை போய்விட்டது. “எல்லாரிட்டயும் அந்த ஒரு ராவத்தானே கேக்கிற நீங்க? அவங்கெல்லாம் விடியிறத்தையும் பாத்தாங்கதானே. அதயும் ஒரு நாளைக்கிக் கேட்டா என்ன?”

மறுநாளே ஹந்தானைக்கு ஏறினார். போனை வெளியே எடுக்கவில்லை. “அந்தத் தொட்டில் புள்ள இப்ப எங்கம்மா ஈக்கி?” என்று நல்லம்மாவிடம் கேட்டார். அச்சேறியபோது கேட்கத் தோன்றாத கேள்வி.

“கலாராணியா? சண்ட முடிஞ்சதும் அங்கயே திரும்பிப் போயிட்டா. கட போட்டிருக்கா. இங்க வாடின்னா வரமாட்டேங்குறா.”

மகளை அனுப்பலாமா என்றும் கேட்டார்.

“பயமாத்தான் இருக்கும், நானா. நான் மட்டும் பயமில்லாமயா போனேன்? அதையும் மூட்டையில கட்டிக்கிட்டுத்தான் லொறி ஏறுனோம். ஒங்க புள்ள பஸ்சுல போவுது. போவட்டுமே.”

ஞாயிற்றுக்கிழமை கண்டி பஸ் நிலையத்தில் முஹ்ஸின் முதலில் டயர்களைப் பார்த்தார். பிறகு சாரதியின் முகத்தைப் பார்த்தார். நுஹாவின் பையில் அவர் திணித்திருந்த டோர்ச்சும், பூச்சி பொட்டுக்கென்று கட்டிய உப்புப் பொட்டலமும் அப்படியே இருந்தன. யானையை விரட்டும் வெடியை மட்டும் அவள் எடுத்து உம்மாவிடம் கொடுத்துவிட்டாள். “பொலிஸ் புடிச்சா என்னத்தச் செல்ற?” என்றாள். “பெய்த்து வா மகள்” என்று அவர் சொன்னது பஸ் நகர்ந்த பிறகுதான். அதுவரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கை விடவில்லை.

அன்றிரவு அவர் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. நுஹாதான்.

“வாப்பா! ராவு என்ன நடந்திச்சி தெரியுமா...”

முஹ்ஸின் போனைச் சட்டென்று றமீஸாவின் கையில் திணித்தார். நேரே குளியலறைக்குள், கதவைத் தட்டாமலே, போய்ச் சாத்திக்கொண்டு, பேச்சுக் காதில் விழாதபடி குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.