அப்பாவின் பெயர் இருந்த இடம்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் சின்ன மாமா நடத்திய வகுப்பில்தான் நான் எழுதப் பழகினேன். பழகாமலே இருந்திருக்கலாம்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அடி வாங்கி, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். சில வருடங்களின் பின் எப்படியோ ஒரு கொம்பியூட்டரை வரவழைத்து, ‘கொம்பியூட்டர் மூலம் ஆங்கிலக் கட்டுரை’ என்று பலகை மாட்டினார். கரண்ட் வந்ததும் நாங்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்போம். ஆளுக்குப் பத்து நிமிடம். முதலில் கொப்பியில் எழுதவேண்டும், பிறகு அதைப் பெட்டியில் அடிக்கவேண்டும். பிழை விட்டால் அழிறப்பர் தேவையில்லை. நடுவில் ஒரு வசனத்தை நுழைத்தால் மற்ற வசனங்கள் தாமாக விலகி இடம் கொடுக்கும். அதைப் பார்க்கவே நான் போனேன்.

மாமா நல்ல வாத்தியார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ‘எனது அப்பா’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். எனக்குப் பத்து வயது. அப்பா ஷெல்லடியில் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மிகவும் கவலை என்று இங்கிலிசில் மூன்று தரம் எழுதியிருந்தேன். மாமா மூன்றையும் அழித்தார்.

“கவலை எண்டு எழுதாதை பிள்ளை. கண்டதை எழுது.”

கண்டதை எழுதினேன். ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கருக்குள் இருந்த அப்பா கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட வெளியே போனார். கன்று ஓடிவந்தது. அப்பா வரவில்லை. கிணற்றடியில் கிடந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது. மற்றது கிணற்றுக் கட்டின் மேல், யாரோ கழற்றி வைத்ததுபோல நேராக இருந்தது.

மாமா வாசித்துவிட்டு எழும்பி வெளியே போனார். திரும்பி வந்து ஒரேயொரு பிழையைத் திருத்தினார். பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தந்த தாளை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு இங்கிலிசு தெரியாது. சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அந்த நாட்களில் பொடியன்கள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போய் இறங்கியதும், அகதியாக ஏற்கச் சொல்லி, ஊரில் தங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதை இங்கேயே எழுதிக்கொண்டு போக மாமாவிடம் வந்தார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் கவலை, பயம், துன்பம். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு தாய் மகனோடு வந்தார். கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே இருந்தார். மாமா என் கட்டுரையைத் திரையில் கொண்டுவந்தார்.

ஒரு பெயரைக் கொடுத்தால், அது வரும் இடமெல்லாம் வேறு பெயர் போட அந்தப் பெட்டிக்குத் தெரியும். எப்படி என்று மாமா காட்டித்தந்தார். நானே அடித்தேன். அப்பாவின் பெயர் போனது. அந்தப் புருசனின் பெயர் வந்தது. மாமா அந்தத் தாய்க்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

“எங்களிட்டைக் கண்டுக்குட்டி இல்லையே தம்பி. நாங்கள் கடல் ஆக்கள்.”

“அங்கை இருக்கிறவன் வந்து உங்கடை கொட்டிலைப் பாக்கப்போறானே? இருக்கட்டும் அக்கா.”

கன்றும் இருந்தது, செருப்பும் இருந்தது. அந்தப் பொடியனை அங்கே ஏற்றுக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு வந்தவர்களுக்கும் அதுதான். வகுப்பு முடிந்ததும் மாமா என்னைக் கதிரையில் இருத்துவார். நான் பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன். மற்றப் பிள்ளைகளின் கட்டுரை ஒரு தரம்தான் அச்சாகும். என்னுடையது அச்சாகிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா வகுப்புக்கே வந்தார்.

“அவரை இன்னும் எத்தினை பேருக்குத் தகப்பனாக்கப்போறாய்?”

“செத்த மனிசன் நாலு பொடியளைக் காப்பாத்தட்டுமே அக்கா.”

அம்மா திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

என் அண்ணைக்கு அப்போது பதினேழு வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது ஆமிக்காரர் அவனையும் பிடித்து, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற, முகத்தை மூடிய தலையாட்டி முன்னால் நிறுத்தினார்கள். தலையாட்டி யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆள் போனதுதான். அன்று அண்ணையைப் பார்த்து ஆட்டவில்லை. அடுத்த மாதமே அண்ணையை வெளியே அனுப்ப அம்மா முடிவெடுத்தார்.

அவனுடைய தாளையும் நான்தான் அடித்தேன். பழைய கட்டுரையை எடுத்தேன், பழக்கத்தில் பெயரை மாற்றக் கை போனது. மாமா என் கையைப் பிடித்தார்.

“இதுக்கு ஒண்டும் மாத்தத் தேவையில்லை பிள்ளை. இது உண்மை.”

அண்ணை அந்தத் தாளோடு போனான்.

அவனோடு அங்கே அகதி முகாமில் இருந்த ஒருவன் பிறகு கடிதம் போட்டான். அங்கிருந்த அதிகாரி அண்ணையின் தாளை வாசித்துவிட்டு, மேசை லாச்சியை இழுத்து வேறு தாள்களை எடுத்து முன்னால் அடுக்கினானாம். எல்லாவற்றிலும் ஒரு செருப்பு கிணற்றுக் கட்டில் நேராக இருந்தது. இது என் அப்பா என்று அண்ணை சொன்னானாம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றானாம் அதிகாரி. அண்ணையைத் திருப்பி அனுப்பினார்கள். அவன் வந்த விமானம் கொழும்பில் இறங்கியது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

கடிதத்தை மாமாதான் அம்மாவுக்கு வாசித்தார். முடித்ததும் முற்றத்தில் குந்தியிருந்து இரண்டு கையாலும் தன் தலையில் அடித்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

அண்ணையை ஏன் நம்பவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நான் உள்ளே போய், சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து, எங்கே பிழை விட்டிருக்கிறேன் என்று விரலை வைத்து ஒவ்வொரு வசனமாகத் தேடினேன். ஒரு பிழையும் இல்லை.