சோபாவுக்குள் இருந்த ஒன்பது பேர்

அந்தச் சனிக்கிழமை கடைக்குள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர். வெள்ளைக்காரர், அறுபது வயது இருக்கும். யாரையும் மேட், அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எங்கே கண்ணாடி என்று தேடுவார்.

பஸ் ஓட்டும் சமோவாக்காரர். வேலை முடிந்து சீருடையோடு நின்றார்.

நகரத்தின் மறுகோடி, பக்குரங்காவிலிருந்து வந்த தம்பி. கூடப் பிறந்தவன் இல்லை. மதுரைப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை.

என் மனைவி. தோளில் பை, பைக்குள் பைபிள்.

நான்.

கடை நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஹென்டர்சனில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. விளையாட்டுக்காரரின் படம் போட்ட அட்டைகள் விற்கிற கடை. எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு சோபாவுக்குத் துணி மாற்றுகிற பட்டறையில் வேலை. பழைய துணியை உரிப்பது என் பங்கு. துணி உரிக்க இங்கிலீஷ் தேவையில்லை.

சோபாவை உரித்தால் என்னென்னவோ விழும். சில்லறை, பேனா, கொண்டை ஊசி, ஒருமுறை பல் செட். எல்லாவற்றையும் ஒரு டின்னில் போட்டு வைத்து, உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். அது முதலாளியின் சட்டம்.

ஒரு நாள் ஒரு பெரிய பழைய சோபா வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. முதுகுப் பக்கத்து உள்துணியைக் கிழித்தேன். ஒன்பது அட்டைகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஓர் ஆள். கையில் மட்டை, ஆனால் அது உலக்கை மாதிரி உருண்டை. முனை மழுங்கவில்லை, மடிப்பு இல்லை. நாற்பது வருடம் வெளிச்சமே படாமல் கிடந்திருக்கின்றன.

முதலாளி சோபாவுக்கு உரிய அம்மாவுக்கு போன் போட்டார். அவர் சிரித்தாராம். "அது என் அண்ணன் ஒளித்து வைத்ததாக இருக்கும். மிச்சத்தையெல்லாம் அம்மா குப்பையில் போட்டுவிட்டாள். கண்டெடுத்தவரே வைத்துக்கொள்ளட்டும்."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இது எனக்கு. அப்பிடியே சின்னண்ணையின்ர மூஞ்சி."

"அவர் டொரன்டோவில இருக்கிறார். படம் அனுப்பியிருக்கிறார்தானே."

"அதில குண்டாப் போனார். இது நான் கண்ட சின்னண்ணை."

பைபிளில் சங்கீதத்துக்குள் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டாள். என்னிடம் எட்டு மிச்சம்.

தம்பி எங்கள் பட்டறைக்குத் தன் சோபாவைக் கொண்டுவந்தவன். கிரிக்கெட் அட்டை சேர்க்கிறவன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன், எட்டையும் பார்த்ததும் குடித்த டீயைக் கீழே வைத்தான்.

"அண்ணே, இது அமெரிக்கா பேஸ்பால் அட்டை, ரொம்ப பழசு. விளையாடாதீங்க. வாங்க, ஹென்டர்சன் கடையில காட்டுவோம்."

காட்டினோம். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். ஒருவரை மட்டும் நெடுநேரம் பார்த்தார். அவர் பெரிய ஆட்டக்காரராம். அவருக்கு இருநூறு டாலர், மற்ற ஏழுக்கும் சேர்த்து இருபது என்றார்.

எனக்கு வேண்டியது இருநூற்று எண்பது. பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா தைப்பதை விடுகிறார். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று விற்கிறார். மனைவிக்கு ஒரு திரைச்சீலைக் கடை வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, மெஷின் இருந்தால். அவள் பள்ளிக்கூடங்களைத் துடைக்கிற வேலையை விட்டுவிடலாம். மாத முடிவுவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் அந்த அம்மா. எங்களிடம் இருந்தது வாடகைக்காசு மட்டும்.

"நாற்பது வருடப் பழசு. ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டேன். தம்பி இங்கிலீஷில் கேட்டான்.

கடைக்காரருக்கு இதைக் கதைக்கப் பிடிக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயதுக்கு விலை இல்லை என்றார். அம்மாமார் எறிந்ததால்தான் விலை. இப்போது யாரும் எறிவதில்லை, எல்லோரும் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள், அதனால் புது அட்டைக்கு விலையே வராது. ஒரு முனை மழுங்கினால் பாதி போச்சு. ஆட்டக்காரர் செத்தால் இரண்டு கிழமைக்கு ஏறும். அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் கோபம். அதனால் எல்லாம் இறக்கம்.

அமெரிக்காவில் ஒருவன் விளையாட மறுத்தால் ஹென்டர்சனில் என் மெஷினுக்கு அறுபது டாலர் குறையும். அதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

விலைப் புத்தகம் ஒன்று மாதாமாதம் வரும். ஏறினால் மேல் அம்பு, இறங்கினால் கீழ் அம்பு. கப்பலில் வருவதால் ஆறு கிழமை பிந்தும். தம்பிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தி வரும்.

"அண்ணே, அங்க மறுபடியும் ஏற ஆரம்பிச்சிருச்சு. இங்க புக்கு வர்றதுக்குள்ள அவசரப்பட்டு வித்துராதீங்க. மாசக் கடைசி வரைக்கும் பத்திரமா வைங்க."

பத்திரமாக வை என்றான். வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்குப் பத்திரம் என்றால் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, ஞானஸ்நான அட்டை, எல்லாவற்றையும் லாமினேட் செய்துதான் மன்னாரிலிருந்து புறப்பட்டோம். மழையில் நனைந்தன, கடல் தண்ணீரில் கிடந்தன. ஒரு எழுத்து அழியவில்லை. இங்கே இமிக்ரேஷனில் ஒரு பெண் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்றாள்.

பேப்பர் கடைக்குப் போனேன். ஒன்றுக்கு இரண்டு டாலர். பதினாறு கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மாதத்தின் கடைசிச் சனி. மனைவியும் வந்தாள். அட்டையை விற்று, அப்படியே பிளாக்ஹவுஸ் பேக்குப் போவது யோசனை. தம்பி கார் கொண்டுவந்தான். புத்தகம் வந்திருந்தது, மேல் அம்பு போட்டிருந்தது. கடைக்காரர் எட்டுக்கும் சேர்த்து முன்னூறு தருகிறேன் என்றார். எட்டையும் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தேன். பளபள என்றிருந்தன.

கடைக்காரர் குனிந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

பஸ்காரர் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். சாவு வீட்டில் வைக்கிற மாதிரி.

"அண்ணே, என்னண்ணே இது," என்றான் தம்பி.

"பத்திரமா வைக்கச் சொன்னனீ."

"இனி கழட்ட முடியாதுண்ணே. கழட்டினா படம் கூட வந்துரும்."

"இப்ப என்ன விலை?"

கடைக்காரர் யோசித்தார். "மேட், டீ கோப்பைக்குக் கீழே வைக்க நல்லது," என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஸ்காரரும் சிரித்தார். தம்பி மட்டும் எனக்காகச் சிரிக்காமல் நின்றான், தோள் குலுங்கியது.

மனைவிக்கு விஷயத்தைத் தம்பி சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்ல காலம், என்னை லாமினேட் பண்ணேல்ல."

பையைத் திறந்தாள். பைபிளை எடுத்தாள். சங்கீதத்திலிருந்து சின்னண்ணையை எடுத்து மேசையில் வைத்தாள்.

கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். பெயர் பெறாத ஆள், மூன்று டாலர் என்று சொல்ல வாய் திறந்தார். பின்பக்கம் திருப்பி நம்பரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மெதுவாக பஸ்காரர் பக்கம் தள்ளினார்.

பஸ்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

கடைக்காரர்தான் விளக்கினார். அட்டைகள் வரிசை வரிசையாக அச்சாகுமாம். கடைசி வரிசை வரும்போது ஆட்டக் காலம் முடிந்துவிடும், பிள்ளைகள் வாங்கமாட்டார்கள், கடைகளும் எடுக்காது. எனவே கொஞ்சம்தான் வெளியே வந்தது. பெரிய ஆளின் அட்டையைக் கவனமாக வைத்திருப்பார்கள். இந்த மாதிரி ஆளை யார் வைத்திருப்பது? பஸ்காரர் அந்த வருடத்து அட்டைகள் முழுவதையும் சேர்க்கிறார். பதினொரு வருடமாக ஒன்று குறைகிறது. இதுதான் அது.

விலைப் புத்தகத்தில் நூற்று இருபது என்று இருந்தது. பஸ்காரர் நூற்றைம்பது என்றார்.

மனைவிக்கு இங்கிலீஷ் என்னைவிடக் குறைவு. "டூ எய்ட்டி," என்றாள்.

"நூற்றெண்பது."

"டூ எய்ட்டி."

"இருநூறு. புத்தகத்தைப் பாருங்கள், அம்மா."

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்துப் பைபிளுக்குள் வைத்தாள். பைபிளைப் பைக்குள் வைத்தாள். பையின் சிப்பை இழுத்தாள். "வாங்கோ, போவம்," என்றாள் என்னிடம். மீன் சந்தையில் அவள் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு அடிக்குள் கூப்பிடுவார்கள்.

நான்காவது அடியில் பஸ்காரர் கூப்பிட்டார். "இருநூற்று நாற்பது."

"அக்கா, நல்ல ரேட்டுக்கா. குடுத்துருங்க," என்றான் தம்பி.

"தம்பி, நீர் ஏற்கெனவே ஒருக்காப் புத்தி சொன்னனீர்."

அவள் கதவைத் தள்ளியதும், "டூ எய்ட்டி," என்றார் பஸ்காரர்.

பஸ்காரர் ஏடிஎம்முக்குப் போய் வந்தார். இருநூற்று எண்பது எண்ணி வைத்தார். அட்டையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தார். அவர் கை பெரிய கை.

"ஏன் சரியாக இருநூற்று எண்பது?" என்று கேட்டார்.

தம்பி மெஷின் கதையைச் சொன்னான்.

"மெஷின் இருநூறு என்றால்?"

"இருநூறு எண்டிருப்பன்," என்றாள் மனைவி. தம்பி மொழிபெயர்த்தான்.

"முன்னூறு என்றால்?"

"அதையும் தந்திருப்பார். முகத்தில எழுதியிருந்தது."

அதையும் தம்பி மொழிபெயர்த்தான். பஸ்காரர் தலையாட்டினார்.

இரண்டு மணிக்கு பிளாக்ஹவுஸ் பேயில் மெஷினைக் காரில் ஏற்றினோம். தையல்கார அம்மா நூல்கண்டு ஒரு பெட்டி சும்மா தந்தார். திங்கட்கிழமை மனைவி திரைச்சீலைக் கடைக்குப் போனாள்.

எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். டீ கோப்பைக்குக் கீழே. சூடு படாது, தண்ணீர் பிடிக்காது, துடைத்தால் போதும். பஸ்காரர் காற்சட்டை மடித்துத் தைக்க வருவார். டீ கொடுத்தால் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்து குடித்து முடிப்பார்.

அடுத்த வருடம் ஒரு நாள் ஹென்டர்சன் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே வருடத்துக் கடைசி வரிசையில் அச்சான இன்னொரு அட்டை இருந்தது. வேறு ஆள், இவரும் பெயர் பெறாதவர். விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"இது எப்படி இந்த விலை?" என்று கேட்டேன்.

"ஆக்லாந்தில் இதற்கு இதுதான் விலை, மேட்," என்றார் கடைக்காரர். கண்ணாடியைத் தேடினார்.

சீட்டில் 280.