ஆணியில் தொங்கிய ஈரத் துண்டு

தொண்ணூற்றாறாம் வருடம், மழைக்காலம். பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். கை கழுவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். சோப்பு போடாமல் தொட்டிலைத் தொடும் ஜூனியர்களைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வேன்.

நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த மூன்று குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்ததல்ல, எங்கள் வார்டில்தான் ஒட்டியிருந்தது. அதில் நகரின் ஆடுகோடிப் பகுதியிலிருந்து வந்த எட்டு மாதக் குழந்தை கண் உள்வாங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாய்மார்கள் மேல் பாய்ந்தேன். பால் புட்டியைக் கொதிக்க வைத்தீர்களா, நகம் வெட்டினீர்களா என்று ஒருவரையும் விடவில்லை.

அந்தக் குழந்தையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். நீங்க கையை நல்லாத்தான் கழுவுறீங்க. அப்புறம் அந்தத் துண்டுலதானே துடைக்கிறீங்க? டாக்டர், ஆயா எல்லாரும் அதுலயேதான் துடைக்கிறாங்க. ரெண்டு நாளா பார்க்கிறேன், அது காயவே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். வாஷ்பேசின் பக்கத்து ஆணியில் துண்டு ஈரமாகத் தொங்கியது. காலையில் ஒன்று மாட்டினால் மறுநாள் காலைவரை அதுதான். அத்தனை வருடமாக அப்படித்தான், எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அவமானத்தில் அழுகை வந்தது.

அழுது என்ன பயன்? துண்டைக் கழற்றி அழுக்குக்கூடையில் போட்டேன். கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கைக்குட்டை அளவில் கிழித்து, ஸ்டெரிலைஸ் செய்து வாங்கி அடுக்கினேன். ஒருமுறை துடைத்தால் கூடையில் போட்டுவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஈரக்கையோடு நின்று, டவல் எங்கே என்று அதட்டினார்.

"இனிமே டவல் கிடையாது சார். இதுல ஒண்ணு எடுத்துத் துடைங்க. அடுத்த குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி மறுபடியும் கழுவிடுங்க சார்."

சொல்லிவிட்டு அவர் வழியை விட்டு நகரவில்லை. முறைத்தார், பிறகு ஒரு துணியை எடுத்தார். அடுத்த தொட்டிலுக்கு முன்பும் கழுவினார்.

துண்டுதான் காரணமா என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அதன்பின் புதிதாக எந்தக் குழந்தைக்கும் வரவில்லை. அந்த எட்டு மாதக் குழந்தை தேறி வீட்டுக்குப் போன அன்று, என் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கிக் கொஞ்சினேன்.

இன்றைக்கும் யாராவது என்னைக் குறை சொன்னால் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன், மனசுக்குள் ஒருமுறை திரும்பி அந்த ஆணியைப் பார்த்துக்கொள்கிறேன்.