கல் பிள்ளைகளுக்குக் காவல்

கண்காட்சியில் காவல் நிற்பவனுக்கு ஒரே பேச்சுதான்: "தொடாதீங்க." நின்றே பிழைக்கும் சகாக்களே, கால் கடுப்பதைவிட அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அலுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன ஹாலில் இந்தக் காலத்து ஜப்பான் கலைஞர்கள் செய்தவற்றை வைத்திருந்தார்கள். அதற்கு நான் காவல்.

வாசலில் செருப்பு

ஹாலின் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கல் பிள்ளைகள். கழுத்தில் சிவப்புத் துணி. ஒன்று நாக்கைத் துருத்தும், ஒன்று தலைகீழாக நிற்கும். பார்த்ததும் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

யாரும் சொல்லாமலே சனம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தது. இங்கே அதெல்லாம் வேண்டியதில்லை என்று மேனாம்பேட்டுப் பெயின்டர் ஒருவரிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வோணா போட்டுக்கினு நில்லு நைனா. செவப்புத் துணி கட்டிக்கீது, எனுக்கு மனசு வரல."

விரலும் கண்ணும்

நான் வாயைத் திறப்பதற்குள் விரல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிடும். ஒருநாள் ஒரு பிள்ளையின் நெற்றியில் குங்குமமே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தும் லேசாகக் கறை தங்கிவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். சத்தம் போடவில்லை.

"இன்னொரு தபா எவனாச்சும் கை வச்சான்னா, நீ ஊட்டுக்குப் போய்டு அண்ணாத்தே."

காற்றாடி

மறுநாள் பருத்திப்பட்டிலிருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். கல் பிள்ளைகள் யார் என்று கேட்டார். சின்ன வயதில் போய்விட்ட குழந்தைகளுக்குத் துணையாக ஜப்பானில் இப்படி வைப்பார்களாம், விளையாட்டுச் சாமானும் வைப்பார்களாம் என்று, எனக்குச் சொல்லியிருந்ததைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வயதுப் பையனாம், காய்ச்சலில் போய்விட்டானாம்.

அடுத்த நாள் காலையிலேயே வந்து நின்றார். கையில் ஒரு காகிதக் காற்றாடி. வைக்கலாமா என்று கேட்டார். என் வேலை கண்முன் வந்து நின்றது. ஆனாலும் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை, சரியென்று தலையை ஆட்டினேன். நாக்கைத் துருத்தும் பிள்ளையின் பக்கத்தில் சாய்த்து வைத்து, மெல்ல ஊதினார். அது சுற்றியது.

"சின்னக் கொயந்தைக்குப் படையல் கெடயாதுன்ட்டாங்கண்ணா எங்க ஊட்ல. அவன் போனப்பறம் எம்புள்ளைக்கு நான் குடுக்கறது இதான் மொதல்."

பொருள் ஒன்று குறைந்தால் காவல்காரனைக் கேட்பார்கள், ஒன்று கூடிவிட்டால் யாரைக் கேட்பது என்பது எங்கள் சூப்பர்வைசருக்கே இன்னும் தெரியவில்லை.