சீட்டு என்று அவள் காதில் விழுந்தது

ஆங்கிலத்தில் ‘சீட்’ என்றால் ஏமாற்று, ஏமாற்றுகிறவனும் சீட்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனை இந்தச் சொல்லால் திட்டாத பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு அதன் வேரை அகராதியில் தேடும்படி நேர்ந்தது 1944 மழைக்காலத்தில். வருஷத்தில் சந்தேகம் இல்லை. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது அந்த ஏப்ரலில். எங்கள் மாதுங்கா வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் அப்போது மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது.

தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். கிங்ஸ் சர்க்கிளில் இருந்த வாசகசாலைக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்க வருவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைச் சாமி என்பார். ஒருநாள் அவர் பத்திரிகையைத் தொடவே இல்லை.

“நாளைக்கு ஆபீசுக்கு லீவு போடணும் சாமி. இங்கிலீசு பேச ஒரு ஆளு வேணும்.”

விஷயம் இது. அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். தோல் பை தைக்கிற தொழில். சொந்தமாக ஒரு மிஷின். டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மனைவி ஊரில். அவர் கடைசியாக ஊருக்குப் போய்வந்தது போன தீபாவளிக்கு. தந்தி போய், அவள் ரயிலேறி வந்து சேருவதற்குள் போலீஸ் அறையைப் பூட்டி, மிஷினை ‘லாவாரிஸ்’ என்று சர்க்கார் கிட்டங்கிக்குக் கொண்டுபோய்விட்டது. வாரிசு இல்லாத சொத்துக்குப் பம்பாயில் அதுதான் பெயர்.

மறுநாள் அந்தச் சர்க்கார் அலுவலக வாசலில் அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நிறைமாதம். அந்த மிஷினில் தைக்க அவளுக்கும் தெரியும் என்றாள். கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் இங்கே இருந்தபோது பழகியது.

“மிஷினு மட்டும் கைக்கு வந்துட்டா போதும் சாமி. புள்ளயத் தொட்டில்ல போட்டுட்டு நான் தச்சிருவேன். யார் கையயும் பாக்காண்டாம்.”

அண்ணாச்சி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே உள்ளே அழைத்துப் போனார். “இந்தா பாரு, அதிகாரி ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாரு. அந்தச் சீட்டக் கொண்டு காட்டுனாத்தான் கிட்டங்கிக்காரன் மிஷினத் தருவான். சீட்டு வாங்காம எந்திரிச்சு வந்துராத.”

அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் சரளம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணி என்று கண்டதும் நாற்காலி போடச் சொன்னார். இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“அவுக எங்க மாமா. எங்கம்மைக்குக் கூடப்பொறந்த தம்பி.”

“அவருடைய மனைவி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி பேனாவை மூடினார். “பாபு, எனக்குக் காது இருக்கிறது. மாமா என்றாள். மாமா என்றால் எங்கள் பாஷையிலும் மாமாதான். நீ எப்படி அதை மனைவி ஆக்கினாய்?”

அவர் கேட்டதில் பிழை இல்லை. அம்மாவின் சகோதரன் அவர்களுக்கும் மாமா. நர்மதைக்கு அந்தப் பக்கம் அவன் தகப்பனுக்குச் சமம். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு முதல் உரிமை உண்டு, கல்யாணத்துக்குப் பிறகும் பெண் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள், புருஷன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவாள் என்றேன். என் சின்ன அக்காவின் கணவர் எங்கள் அம்மாவின் தம்பிதான் என்றும் சொன்னேன்.

“உன் அக்காவா?” அதிகாரி பியூனைப் பார்த்தார். பியூன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு அவர் பக்கத்து அறைக்காரனின் வாக்குமூலத்தைப் படித்தார். அவன் வடக்கே ஐக்கிய மாகாணத்துக்காரன், அவள் ஊருக்குப் போன பிறகு குடிவந்தவன். இறந்தவருக்கு ஊரில் யார் என்று போலீஸ் கேட்டபோது, “ஒரு அக்கா மகள் இருக்கிறாள், அவளுக்குத்தான் பணம் அனுப்புவார்” என்று சொல்லியிருந்தான். பாவம், பொய் சொல்லவில்லை. அந்த மனிதரும் தன் மனைவியைப் பற்றி வெளியாட்களிடம் ‘அக்கா மக’ என்றே பேசியிருக்கிறார். நம் ஊரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் இரண்டாவது கேள்வி தோன்றாது.

“அக்கா மகள் மனைவி வேஷம் போடுகிறாள்” என்றார் அதிகாரி. விரலை நீட்டி ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “ஷீ இஸ் எ சீட். சீட்! புரிகிறதா? யூ ஆல்சோ.”

அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்துபோயிற்று. நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து இரண்டு கையையும் கூப்பி, “நல்லாயிருப்பிய அய்யா, நல்லாயிருப்பிய” என்றாள்.

அதிகாரி அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொண்டார். கை வீசி, போகச் சொன்னார். கர்ப்பிணி என்பதால் போலீசுக்கு அனுப்பவில்லையாம்.

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

“வா தாயி, போவோம்” என்றார் அண்ணாச்சி.

“சீட்டு வரட்டும் அண்ணாச்சி. ரெண்டு மட்டம் சொன்னாகளே, நீங்க கேக்கலியா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க சாமி. என்னால ஏலாது.”

“அது நம்ம சீட்டு இல்லேம்மா. இங்கிலீஷ் வார்த்தை. நீ... நீ பொய் சொல்றேன்னு அர்த்தம்.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. “நான் என்ன பொய்யி சொன்னேன்? நீங்க சரியாச் சொன்னியளா? மாமான்னு சொன்னியளா?”

“மாமான்னுதாம்மா அவருக்குக் கேட்டுது.”

“பொறவு என்னவாம்?”

அந்த வாரக் கடைசியில், கோட்டைப் பகுதியில் ஒரு நூலகத்தில் இருந்த பெரிய ஆங்கில அகராதியை எடுத்தேன். சீட் என்பது முதற்குறை. முழுச் சொல் ‘எஸ்சீட்’. லத்தீனில் விழுதல் என்று பொருள்படும் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. வாரிசு இல்லாமல் ஒருவன் இறந்தால் அவன் நிலம் பிரபுவுக்கோ அரசனுக்கோ போய் ‘விழும்’; அந்த விழுகைக்குத்தான் எஸ்சீட் என்று பெயர். அதைக் கவனிக்க அரசன் அதிகாரிகளை வைத்தான். அவர்கள் இருக்கிற வாரிசையும் இல்லை என்று எழுதிச் சொத்தைப் பிடுங்கினார்கள். ஜனங்கள் அந்த உத்தியோகத்தின் பெயரை வெட்டிச் சுருக்கி, பித்தலாட்டத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பின்னாளில் திருடர்களின் ரகசிய பாஷையில் எந்தப் பொருளுக்கும் சீட் என்று பெயர் இருந்ததாம், தூக்குமரம் உட்பட. இந்தியாவில் இதற்கு ஒன்றுவிட்ட உறவான கொள்கையை வைத்துத்தான் வாரிசு இல்லை என்று சமஸ்தானங்களைக் கம்பெனியார் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சொல் உரியதே அல்ல. இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? அண்ணாச்சியிடம் சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மிஷினு வருமா சாமி?” என்றார்.

மிஷின் வரவில்லை. ஊரிலிருந்து கிராம முன்சீப் கையெழுத்துப் போட்டு, அவள் மனைவிதான் என்று அத்தாட்சி அனுப்பினார். யுத்தகாலத் தபால், தமிழிலிருந்து அதை மொழிபெயர்த்து முத்திரை வாங்க மேலும் நாட்கள். நாங்கள் கொண்டுபோனபோது பழைய அதிகாரி மாற்றலாகியிருந்தார். புதியவர் படித்துப் பார்த்து, அவள் மனைவி என்பதை ஏற்றுக்கொண்டார். மிஷின் ஏலத்தில் போய்விட்டது என்றும் சொன்னார். எடுத்தவன் குர்லாவில் பட்டறை வைத்திருக்கிறான், வேண்டுமானால் அவனிடம் விலைக்குக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

அதற்குள் குழந்தை பிறந்திருந்தது. அவள் அண்ணாச்சி வீட்டு ஓரத்தில் இருந்துகொண்டு தோல் கிடங்கில் பச்சைத் தோல்களில் அப்பிய உப்பை உதறுகிற வேலைக்குப் போனாள். கையெல்லாம் புண். யாராவது விசாரித்தால், அதிகாரியோ அடுத்த வீட்டுக்காரியோ, “எம் புருசன் செத்துட்டாரு” என்றாள். கண்ணைப் பார்த்து, கூச்சமில்லாமல், சத்தமாக. சொந்த ஊர்ப் பெண்கள் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். மாமா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.