அக்காவின் கன்னத்துக்குக் காவல்

அக்காவின் கை எப்போது முகத்துக்குப் போகும் என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்தைப் பிரித்தால் இடது கை போகும். அம்மா எதற்காவது திட்டினால் வலது கை. தூக்கம் வருவதற்குச் சற்று முன்னால் இரண்டு கையும். அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. ஒரே பாயில் படுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதால் அந்தக் கைகளின் போக்குவரத்து எனக்கு மனப்பாடம்.

நாங்கள் அப்போது ஆம்பூரில் இருந்தோம். நைனாவுக்குத் தோல் பதனிடும் மண்டியில் வேலை. பதனிட்ட தோல்களைத் தரம் பார்த்துப் பிரித்து அடுக்குவார். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தேறியிருந்தாள். வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் போகலாம், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள் என்று அவளுடைய ஆசிரியை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. நைனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே மண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்காவின் முகத்தில் பருக்கள் கூடின. நெற்றியில் இரண்டு என்று தொடங்கி, கன்னம், தாடை என்று இறங்கின. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். எதிர்வீட்டுப் பெரியம்மா குப்பைமேனி இலையைக் கசக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் மருந்து ஆற்றும், இன்னொரு பக்கம் அக்காவின் நகம் தோண்டும். தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் பதித்திருந்த கண்ணாடித் துண்டின் முன்னால் நின்றாளானால் சோறு பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. ஒன்றைக் கிள்ளிவிட்டு, அது சரியாகிவிட்டதா என்று பார்ப்பாள். ஆகியிருக்காது. பக்கத்தில் இருப்பதைக் கிள்ளுவாள்.

பயிற்சிப் பள்ளிக்கு நேரில் போக ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் இருவருக்கும் ஒரு யோசனை தோன்றியது. அது யாருடைய யோசனை என்று பின்னாளில் எங்களுக்குள் சண்டை வந்ததுண்டு. நைனாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது நான்தான். மண்டியில் ஆவாரம்பட்டை ஊறிக்கிடக்கும் தொட்டிகளைத் தினமும் பார்ப்பேன். சொரசொரப்பாக உள்ளே போகும் தோல், நாள் கழித்து வழவழவென்று வெளியே வரும். ஆட்டுக்கு ஆகும்போது அக்காவுக்கு ஆகாதா? காலித் தூக்கில் கொஞ்சம் மொண்டு, மூடி போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா பஞ்சில் தொட்டு ஒவ்வொரு புண்ணிலும் வைத்தாள். கண்ணில் நீர் வரும்படி எரிந்தது. எரிந்தால்தான் கேட்கும் என்று இரண்டு நாள் வைத்தாள். மூன்றாம் நாள், வைத்த இடமெல்லாம் காசு அகலத்துக்குப் பழுப்புத் திட்டாக நின்றது. தேய்த்துக் கழுவினாள், போகவில்லை. தேய்த்ததில் புண்கள் மட்டும் வாய் திறந்தன.

அந்த முகத்தோடுதான் அம்மாவுடன் வேலூருக்குப் போனாள். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்லவர்தானாம். ஆனால் அக்காவைச் சற்றுத் தள்ளியே உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். ஜூலையில் பள்ளி திறப்பதற்குள் டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முகத்தில் பழுப்புத் திட்டு எதனால் வந்தது என்று அக்கா அங்கே வாய் திறக்கவில்லை. தோல் மண்டித் தண்ணீரை முகத்தில் பூசினேன் என்று அந்த அம்மாளிடம் சொல்ல வெட்கம். வீட்டுக்கு வந்தபின் நைனாவிடம் சொல்லப் பயம். போகப்போக, திட்டு ஆவாரம்பட்டையால் வந்ததுதானா என்பதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா அக்காவுக்கென்று தனித்தட்டு, தனிக்குவளை எடுத்து வைத்தாள். சுவரோரமாகத் தனிப்பாயும் விரித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மா நைனாவிடம் தாழ்ந்த குரலில், "பெரிய வியாதியா இருந்தா இன்னா பண்றது?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த பெரிய வியாதி காலராதான். அக்கா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். ஆகவே அம்மா வழக்கம்போல ஜாஸ்தியாகப் பேசுகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

தெருவில் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் புறப்படும்போது அக்காவுக்குத் தலை பின்னிவிடுவது எதிர்வீட்டுப் பெரியம்மா வழக்கம். அந்த ஞாயிறு அவருக்குக் கைவலி என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறும் கை வலித்தது.

ஈஸ்டர் முடிந்ததும் நைனா லீவு சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா வண்டி. ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா அக்காவை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார். பிறகு ஒரு கோழி இறகை எடுத்து அவள் கன்னத்தில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை அக்கா விரலால் காட்ட வேண்டும். நைனா வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இவ்வளவு நல்ல விளையாட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அக்கா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பழுப்புத் திட்டின் மேல் தொட்டாலும், நடுவில் தொட்டாலும், தாடைக்குக் கீழே தொட்டாலும் சரியாகக் காட்டினாள். அவள் சரியாகக் காட்டக் காட்ட அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். விளையாட்டு அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்து, நான் அவள் காதருகே போய், "அக்கா தோக்கலம்மா. எல்லாம் கரெக்டா சொல்லுது" என்றேன். அம்மா இன்னும் அதிகமாக அழுதாள்.

டாக்டரம்மா அக்காவின் காதுக்குப் பின்னாலும் முழங்கையிலும் அழுத்திப் பார்த்தார். கட்டை அவிழ்த்துவிட்டு, "இந்தக் கறை எதால வந்தது?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். தூக்கில் கொண்டுவந்தது, பஞ்சில் தொட்டது, ஆட்டுத்தோல் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அந்தக் கிள்ளில் வழக்கமான வேகம் இல்லை.

"குஷ்டம் இல்லம்மா, பயப்படாதீங்க. அதுவா இருந்தா தொட்டது தெரியாது" என்றார் டாக்டரம்மா. "இது வெறும் பரு. பருவால வந்த புண்ணு கொஞ்சம்தான். மீதியெல்லாம் நகத்தால வந்தது."

காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், முகத்தில் தேங்காயெண்ணெய் படக்கூடாது, தலைக்கு வைக்கும் துணியை வெந்நீரில் போட்டு அலச வேண்டும், படுக்கும்போது இந்த வெள்ளை மருந்தைப் போட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எல்லாவற்றையும்விட முக்கியம், தொடக்கூடாது. அக்கா, தான் தொடுவதே இல்லை என்றாள். சொல்லும்போதே அவள் விரல் தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. படிக்கும்போது இடது கை, அம்மா திட்டினால் வலது கை, படுத்தால் இரண்டும் என்று ஒப்பித்தேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்போ இந்த வேலை உனக்கு. கை போனா மெதுவா ஒரு தட்டு தட்டணும். திட்டக்கூடாது. திட்டினா இன்னும்தான் போகும்."

திரும்பும்போது அம்மா லாங் பஜாரில் இறங்கி அக்காவுக்கு மட்டும் ஒரு சோப்பு வாங்கினாள். நாங்கள் அதுவரை முகத்துக்கென்று சோப்பு வாங்கியதில்லை.

நான் வேலையை மிகவும் கண்டிப்பாகச் செய்தேன். கை ஒரு தடவை போனால் மணிக்கட்டில் ஒரு தட்டு, சமையலறைச் சுவரில் கரியால் ஒரு கோடு. முதல் நாளே பானைக்குப் பின்னால் இருந்த இடம் தீர்ந்துவிட்டது. அக்காவுக்கு என் மேல் கொலைவெறி. "போலீஸ்காரி, போ அந்தாண்ட" என்பாள். நான் போகமாட்டேன். அவள் கையைக் கவனித்துப் பார்த்தால் அது போகவேண்டும் என்று போகவில்லை. சும்மா இருக்க முடியாமல்தான் போனது. நைனா இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மண்டியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலை மெல்லிய வார்களாக அறுத்துக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போட்டார்.

"கை சும்மா இருந்தா மூஞ்சிக்குப் போவும். படிக்கும்போது இத்தப் பின்னிக்கிட்டு இரு" என்றார்.

அக்கா பின்னினாள். பூகோளம் படித்தபடி ஒன்று, சரித்திரம் படித்தபடி ஒன்று. மே மாதம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆட்டுக்கு ஏழு கழுத்துக்கயிறு சேர்ந்துவிட்டது. கோடுகள் குறைந்தன. ஒரு நாளைக்கு நாற்பது என்று இருந்தது பன்னிரண்டாயிற்று, பிறகு ஐந்து.

இடையில் ஒருநாள் எல்லாம் கெட்டது. கிணற்றடியில் தண்ணீர் சேந்தப் போன அக்காவுக்கு முன்னால் ஒருத்தி தன் குடத்தை அவசரமாக நகர்த்திக்கொண்டு போனாளாம். டாக்டர் சொன்னது தெருவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வந்த அக்கா கண்ணாடித் துண்டின் முன்னால் நின்று, ஆறி வந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் தட்டவில்லை. தட்டினால் என்னையும் பிய்த்துவிடுவாள் போல இருந்தது. முடித்ததும் இரத்தம் ஒற்றிய துணியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"கோடு போடு" என்றாள்.

"கரி தீந்துபோச்சு" என்றேன்.

கரி என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் சோப்பை எடுத்துக்கொண்டு போய் முகம் கழுவி, ஒற்றி, வார்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஆயுளில் செய்த தைரியமான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு, நேற்றைய கணக்கை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் கவலை.

ஜூன் கடைசியில் மூன்று நாள் ஒரு கோடும் விழவில்லை. கறை போய்விட்டது. புண்கள் ஆறி, இளஞ்சிவப்புத் தழும்புகளாக நின்றன. புதிய பருக்களும் ஒன்றிரண்டு வந்தன. யாரும் கண்டுகொள்ளாததால் அவை தாமாகவே போயின. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார், பள்ளிக்கூடத்து அம்மாள் இடம் கொடுத்தார். அந்தச் செய்தி தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா தனித்தட்டை எப்போதோ மற்ற தட்டுகளோடு சேர்த்துவிட்டிருந்தாள். பாயையும்தான். ஆனால் அதற்குள், நான் மணிக்கட்டில் தட்டுவதைத் தவிர, யாரும் தன்னைத் தொடாமல் இருப்பது அக்காவுக்குப் பழகிப்போயிருந்தது. நான் பக்கத்தில் படுத்தால் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொள்வாள்.

அவள் புறப்பட்ட காலை தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு நைனா அதைத் தேவைக்கு மேல் சரிசெய்துகொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு முழம் மல்லிகையோடு வந்தார். பூவை அக்காவின் தலையில் வைத்தார். வைத்த கையைக் கீழே கொண்டுவந்து அவள் கன்னத்தில் வைத்தார்.

நான் பாய்ந்து போய் அந்தக் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினேன். "தொடாதீங்க பெரியம்மா. டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா முகம் வாடிக் கையை இழுத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, தானே தன் கன்னத்தில் திரும்ப வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்து பெரியம்மாவின் விரல்களுக்குள் இறங்கியது. வண்டிக்காரன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் விட்டாள்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். இன்னும் முழுசாக ஆறாத கன்னத்தில் போய் அவ்வளவு அழுத்திக்கொண்டாளே, ரொம்ப வலித்திருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.