ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது

கார் ஸ்டீரியோவுக்கு இன்று மூன்றாவது கேபிள். "தாதா, இரைச்சலே வராது" என்று கிடர்பூரின் வங்காளிக் கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

வண்டியைக் கிளப்பினேன். ஸ்பீக்கரில் அதே 'ஊய்ய்'. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலை பெஹாலாவில் மனைவியின் கச்சேரி. போகும் வழியில் ஸ்டீரியோவில் தம்புரா போட்டுப் பாடிப் பார்க்கத்தான் இத்தனை கஷ்டமும்.

கிளம்பியதும், பக்கத்து சீட்டிலிருந்த அவள் தம்புரா ஒலியை மட்டும் நிறுத்தினாள். "ஏன்னா, நாப்பதுல போறச்சே இந்த ஊய் என் சுருதிக்குச் சரியா நிக்கறது. அப்படியே போங்கோ. ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்."

கிடர்பூர் நெரிசலில் முன்னால் லாரி, பக்கத்தில் கைவண்டி. பாட ஆரம்பித்துவிட்டாள்.

பிரேக் போட்டேன். பாதிப் பல்லவியில் சுருதி சரிந்தது.

இப்போது அவள் மேடையில், நான் பார்க்கிங்கில். கச்சேரி சரியில்லாவிட்டால் காரணம் என் கால்தானாம்.

பிரேக்கைத் தொடாமல் கிடர்பூரைத் தாண்ட எவராலும் முடியாது என்று அவளிடம் சொல்ல ஒருவராவது வாருங்கள்!